குபாஜு எப்போது வருவார்?

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் ஒரு கேள்வி வந்துவிடும். "வீட்டுக்காரங்க இந்துவா, புத்த மதமா?" என் பெரியம்மா இதை வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். "ரெண்டும்தான் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, அங்கே மழை உண்டா என்று பேச்சை மாற்றிவிடுவேன். போனில் அவ்வளவுதான் சொல்ல முடியும். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பாட்டனில். காட்மாண்டுவுக்குத் தெற்கே, பாக்மதி ஆற்றைத் தாண்டினால் வரும் பழைய ஊர். அரசாங்கப் பெயர் லலித்பூர். கணவருக்கு நீர்மின் திட்டம் ஒன்றில் வேலை. நான் வீட்டிலிருந்தபடியே ஊரில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். மகாபௌத்தக் கோயிலுக்கு அடுத்த சந்தில் ஒரு செங்கல் வீட்டின் மேல்மாடி எங்களுக்கு. நடுமாடியில் வீட்டுக்காரர்கள், தரைத்தளத்தில் அவர்களுடைய பட்டறை.

வீட்டுக்காரர்கள் நேவார்கள், காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வீக மக்கள்; அதில் சாக்கியர்கள். புத்தர் பிறந்த குலத்தின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். தொழில், சிலை வார்ப்பது. மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் செம்பை ஊற்றுவார்கள். பெரும்பாலும் தாராவும் மஞ்சுஸ்ரீயும் பத்மசம்பவரும் திபெத்திய மடங்களுக்குப் போவார்கள். அதே பலகையில் பிள்ளையார் இருப்பார், சிவன் இருப்பார், விஷ்ணுவின் கை மட்டும் தனியாக ராவுவதற்குக் காத்திருக்கும். பெரியவர் எல்லாவற்றையும் ஒரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே அரத்தால்தான் ராவுகிறார்.

வீட்டை நடத்துவது அவருடைய மனைவி. நேவாரியில் பாட்டியை அஜி என்பார்கள். நாங்களும் அஜி என்றே கூப்பிடுகிறோம். என்னை அவர் "நானி" என்பார், சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது என்பது அவருக்குப் பொருட்டில்லை.

அஜி விடிவதற்கு முன்பே எழுந்து பித்தளைத் தட்டில் அரிசி, சிந்தூரம், பூ, திரி எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்புவார். முதல் அரிசி வாசற்படிக்கு வெளியே தரையில் பதித்திருக்கும் ஒரு கல்லுக்கு. அடுத்தது சந்து முனைப் பிள்ளையாருக்கு. அவரைக் கும்பிடாமல் வேறு எந்த சாமியிடமும் போகக் கூடாது, புத்தரிடமும்தான். பிறகு ஓகு பஹாலுக்குள் நுழைவார். இது பழைய பௌத்த விகாரம். முற்றத்தில் உள்ள சைத்தியங்கள் என்ற சின்ன ஸ்தூபிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் அரிசி தூவி, உள்ளே புத்தரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வருவார். சில நாள் அங்கிருந்து கும்பேஸ்வரர் வரைக்கும் நடப்பார், ஐந்து அடுக்குக் கூரை உள்ள சிவன் கோயில். ஏகாதசி என்றால் தர்பார் சதுக்கத்தில் கிருஷ்ணன் கோயில். 1637இல் சித்திநரசிம்ம மல்லன் கல்லிலேயே கட்டியது. ஏழு மணிக்குத் திரும்பி வந்து டீ போடுவார்.

இதைப் பார்த்துவிட்டு "ஆஹா, எம்மதமும் சம்மதம்" என்று உருகுகிறவர்கள் நிறைய. எங்கள் வீட்டுக்கு வந்து போன விருந்தாளிகளில் பாதிப் பேர் இந்த வசனத்தைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அஜிக்கு அங்கே இரண்டு மதம் இருந்தால்தானே சம்மதம் என்ற பேச்சு வரும்? அவருக்கு ஊரில் இத்தனை சாமி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒரு படையல். அவ்வளவுதான்.

ஆனால் எதிலும் பேதமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பேதம் சாமியில் இல்லை, வீட்டுக்கு யார் புரோகிதர் என்பதில் இருக்கிறது. நேவார்களிடம் கேட்கவேண்டிய கேள்வி, உங்கள் வீட்டுக்கு வருவது குபாஜுவா, தேவபாஜுவா? குபாஜு என்றால் வஜ்ராசார்யர், பௌத்தப் புரோகிதர். தேவபாஜு என்றால் ராஜோபாத்யாயர், பிராமணர். குபாஜு வரும் வீடு புத்தமார்க்கி, பிராமணர் வரும் வீடு சிவமார்க்கி. சாக்கியர் வீட்டில் குபாஜு. சிரேஷ்டர்கள் என்ற இன்னொரு நேவார் குலத்தார் வீட்டில் பெரும்பாலும் பிராமணர். ஜ்யாபுக்கள், அதாவது உழவுத்தொழில் செய்யும் மகர்ஜன்கள், பலரும் குபாஜுவைத்தான் அழைக்கிறார்கள். ஆனால் நீங்கள் எந்த மதம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பிறப்பு, பூணூல், கல்யாணம், சாவு என்று வந்துவிட்டால் இதில் குழப்பமே கிடையாது. யாருக்குத் தட்சிணை, யார் எங்கே உட்காருவது, எல்லாம் தலைமுறைக் கணக்கு.

இந்த குபாஜு மொட்டைத்தலைச் சாமியார் அல்ல. மனைவி மக்களோடு இருப்பவர். நேவார் பௌத்தத்தில் துறவி என்று தனியாக யாரும் கிடையாது. விகாரத்தைச் சுற்றி இருப்பதெல்லாம் குடும்பங்கள். சாக்கிய, வஜ்ராசார்யப் பையன்கள் சின்ன வயதில் தலை மழித்துக் காவி கட்டி நாலு நாள் பிக்குவாக இருப்பார்கள். நாலாம் நாள் அதைக் களைந்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். அஜியின் பேரனுக்கு நடந்தபோது பார்த்தேன். மாமிகள் முறை வைத்துப் பிச்சை போட்டார்கள், பையன் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மொபைலில் விளையாட இடம் தேடினான். அந்த நாலு நாள் போதும், விகாரத்தில் உறுப்பினராகிவிடலாம், முறை வரும்போது பூஜை செய்யலாம்.

சரி, அந்த வாசல் கல்லுக்கு வருகிறேன். அதற்குப் பெயர் பிகாலகி. நேவார் வீடு ஒவ்வொன்றுக்கும் வாசலில் ஒன்று இருக்கும். நம் ஊரில் கோலம் போடும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது மருமகளை அதன் பக்கத்தில் நிறுத்தித்தான் உள்ளே அழைப்பார்கள். அதை மிதிக்கக் கூடாது. அது யார் என்று அஜியிடம் கேட்டபோது "குமார்" என்றார். எந்தக் குமார்? மயில் மேல் வருவாரே, பிள்ளையாரின் தம்பி. தென்காசிக்காரிக்கு இதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும்! ஒரு பௌத்த வீட்டு வாசலில், பெயர்ப்பலகைக்கு நேர் கீழே, முருகன்.

அந்தக் குமாரின் பிறந்தநாள் சிதி நகா. ஜேஷ்ட மாத வளர்பிறைச் சஷ்டி. நமக்கு வைகாசி விசாகம் வரும் அதே பருவம். இது எனக்கு இங்கே ரொம்பப் பிடித்த பண்டிகை, காரணம் சாமியைவிட அன்றைய வேலை. மழை தொடங்கும் முன், நிலத்தடி நீர் வற்றிக் கிடக்கும் நேரத்தில், கிணறு, குளம், கல்லால் ஆன தண்ணீர்த் தாரைகள் எல்லாவற்றையும் தூர்வாருவார்கள். அன்று நாகங்கள் தண்ணீரைவிட்டு வெளியே போயிருக்கும், அதனால் இறங்கலாம் என்பது நம்பிக்கை. எங்கள் முற்றத்துக் கிணற்றில் அஜியின் இளைய மகன் கயிறு கட்டி இறங்குவான். மேலே இரண்டு பேர் வாளி இழுப்பார்கள். சேறு, பிளாஸ்டிக் பை, ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் தொலைத்துவிட்டுத் தேடிய சாவிக்கொத்து.

மேலே அடுப்படியில் அஜி உளுந்து அரைப்பார். முதல் நாள் ஊறவைத்து, தோலைக் கையால் தேய்த்துக் களைந்து, இஞ்சி, சீரகம், பெருங்காயம் சேர்த்துக் கெட்டியாக. தட்டையான சட்டியில் கடுகெண்ணெய் விட்டு, கைநிறைய மாவை வைத்து ஈர விரலால் வட்டமாகப் பரப்பி, மூடி போட்டு இரண்டு பக்கமும் வேகவிடுவார். இதன் பெயர் வோ. சிலதின் மேலே முட்டையை உடைத்து ஊற்றுவார், சிலதில் கொத்துக்கறி. முதலில் வெந்ததை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வாசல் குமாருக்கு வைத்துவிட்டு வருவார். அதற்குள் என் பெண் அடுத்ததைத் தின்று முடித்திருப்பாள். கடுகெண்ணெய் வாடை எனக்கு இன்னும் பழகவில்லை, அதற்காக வோவை விட்டதில்லை. அந்த நாளில் பாட்டன் முழுக்க, குபாஜு வீடு தேவபாஜு வீடு எல்லா வீட்டிலும் உளுந்துதான்.

சிதி நகா சமயத்தில் அனேகமாகத் தேரும் தெருவில் நிற்கும். சிவப்பு மச்சீந்திரநாத் தேர். சித்திரை வாக்கில் புல்சோக்கில் கட்டத் தொடங்கி, ஊர் முழுக்க இழுத்து, ஜாவலாகேலில் முடிய இரண்டு மாதம்கூட ஆகும். மரமும் பிரம்பும் வைத்துக் கட்டிய சுமார் 60 அடி உயரக் கோபுரம், மின்கம்பிகளுக்கு நடுவே சாய்ந்து சாய்ந்து வரும். நம் தேர் போல நிமிர்ந்து நிற்காது. அது கவிழ்ந்தால் அபசகுனம் என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசுவார்கள்.

உள்ளே இருக்கும் சாமி யார்? இந்துக்களுக்கு மச்சீந்திரநாத், நாத சித்தர்களின் முதல் குரு. நம் பதினெண் சித்தர் வரிசையில் மச்சமுனி என்கிறோமே, அவர்தான் என்பார்கள். பௌத்தர்களுக்குக் கருணாமயர், அதாவது அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவர். உழவர்களைக் கேட்டால் இரண்டும் இல்லை, புங்கத்யா. புங்கமதி கிராமத்துச் சாமி, மழை தருகிறவர். ஆறு மாதம் புங்கமதியில், ஆறு மாதம் பாட்டனில் இருப்பார். புங்கமதிக் கோயில் 2015 நிலநடுக்கத்தில் இடிந்தது. அந்த வருடம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை புங்கமதியிலிருந்தே தேர் கிளம்பும் வருடம். கிளம்பிய தேர் வழியிலேயே மாட்டிக்கொண்டது.

கதை இப்படி. கோரக்கநாதர் வந்தபோது யாரும் மதிக்கவில்லை. கோபத்தில் மழை தரும் நாகங்களைத் தன் ஆசனத்துக்கு அடியில் அடக்கிவைத்து உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருடம் மழை இல்லை. அவருடைய குரு மச்சீந்திரநாதரைக் கொண்டுவந்தால் கும்பிட எழுந்துதானே ஆகவேண்டும்? நரேந்திரதேவன் என்ற அரசன், பந்துதத்தர் என்ற வஜ்ராசார்யர், லலிதன் என்ற ஜ்யாபு, மூன்று பேரும் காமரூபத்துக்கு, அதாவது அசாம் பக்கம், போய்ச் சாமியைக் கொண்டுவந்தார்கள். கோரக்கர் எழுந்தார், நாகங்கள் தப்பின, மழை கொட்டியது. அரசன், பூசாரி, குடியானவன். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, சாமி யார் என்பதில் ஊர் இன்னும் உடன்படவில்லை, ஆனால் கொண்டுவர மூன்று பேர் வேண்டியிருந்தது என்பதில் எல்லோரும் உடன்படுகிறார்கள்.

இன்றைக்கும் அப்படித்தான் வேலை பிரிந்திருக்கிறது. மரவேலைக்குப் பாராஹிகள், பிரம்பும் கயிறும் கட்ட யங்வால்கள். பூஜை செய்பவர்கள் புங்கமதியின் சாக்கிய, வஜ்ராசார்யர்கள். தேர் ஏறும் முன்பு சாமிக்குக் குளிப்பாட்டிப் புது வர்ணம் பூசுவார்கள். அதற்குப் பிறகு குழந்தையிலிருந்து தொடங்கி ஒரு மனிதருக்குச் செய்யும் சடங்கெல்லாம் செய்வார்கள், ஆண்பிள்ளைக்கு உரியதும் பெண்பிள்ளைக்கு உரியதும் சேர்த்து. இழுப்பது ஊர். கடைசி நாள், ரத்தினம் பதித்த பழைய மேல்சட்டையை நாலு பக்கமும் தூக்கிக் காட்டுவார்கள். பார்க்க ஜனாதிபதி வருவார். முன்பு ராஜா வந்தார், 2008க்குப் பிறகு ராஜா கிடையாது, அந்த நாற்காலி காலியாக விடப்படவில்லை.

2020இல், கொரோனா ஊரடங்கின்போது, கட்டிய தேர் புல்சோக்கில் இழுக்காமலே நின்றது. செப்டம்பரில் ஊர் மக்கள் தாங்களே இழுக்க இறங்கிவிட, போலீஸோடு கைகலப்பு, கண்ணீர்ப்புகை. நாங்கள் அப்போது இங்கே இல்லை. அஜியின் மகன் காலில் உள்ள தழும்பைக் காட்டி அந்தக் கதையைச் சொல்வான். தேரை நிறுத்தினால் மழை நிற்கும் என்று நம்புகிற மனிதர்களோடு நோய்த்தொற்று பற்றிப் பேசுவது லேசில்லை.

குமாரி பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. காட்மாண்டுவின் குமாரி சாக்கியர் வீட்டுப் பெண்குழந்தை, பாட்டனின் குமாரி வஜ்ராசார்யர் வீட்டுப் பெண்குழந்தை. பௌத்தக் குழந்தைகள். அவர்களிடம் இறங்குவதாக நம்பப்படுவது தலேஜு, மல்ல அரசர்களின் குலதெய்வம், துர்க்கையின் வடிவம். இந்து அரசன் பௌத்தக் குழந்தையின் காலில் விழுந்து திலகம் வாங்கினான். அந்த வயதில் குழந்தையைச் சிங்காசனத்தில் உட்காரவைப்பது எனக்கு உவப்பில்லை. அஜியிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை, எனக்கு இன்னொரு கப் டீ ஊற்றினார்.

இத்தனையும் படித்துவிட்டு எல்லாம் சுமுகம் என்று நினைக்க வேண்டாம். ஹரிஹரிஹரிவாகன லோகேஸ்வரர் என்று ஒரு வடிவம் உண்டு. கீழே சிங்கம், அதன் மேல் கருடன், கருடன் மேல் விஷ்ணு, விஷ்ணுவின் தோள் மேல் அவலோகிதேஸ்வரர். விஷ்ணு இங்கே வாகனம். இந்தப் பக்கமோ புத்தரை விஷ்ணுவின் அவதாரங்களில் ஒன்றாகச் சேர்த்தாகிவிட்டது. ஆக, இருவரும் மற்றவரைத் தன் வீட்டுக்குள் அழைத்து ஒரு படி கீழே பாய் விரித்திருக்கிறார்கள். முற்றங்களில் ஆவுடையார் மாதிரிப் பீடத்தின் மேல் எழும்பும் சைத்தியங்களையும் பார்க்கலாம். அது அன்பா, பாதுகாப்பா, பேரமா? அரசன் சிவபக்தனாக இருக்கும் ஊரில் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

ஏனென்றால் அரசு எப்போதும் ஒரு பக்கம்தான் இருந்தது. 1854இன் முலுகி அய்ன் என்ற சட்டத் தொகுப்பு நாட்டில் உள்ள எல்லோரையும், பௌத்தர்களையும் சேர்த்து, ஒரே சாதி ஏணியில் படிப்படியாக நிறுத்தியது. பிரதமர் பதவியைப் பரம்பரையாக வைத்திருந்த ராணாக்களின் ஆட்சியில் பௌத்த பிக்குகள் 1926இலும் 1944இலும் நாடுகடத்தப்பட்டார்கள். அஜி தினமும் அரிசி தூவும் ஓகு பஹால் முற்றத்தில், வஜ்ரங்களுக்கும் மயில்களுக்கும் யானைகளுக்கும் நடுவே ஒரு ராணா தளபதியின் சிலை கம்பீரமாக நிற்கிறது. யாரும் அகற்றவில்லை. அஜியின் அரிசி அவருக்கு மட்டும் விழாது. அது கொள்கையா, கைக்கு எட்டாததாலா என்று நான் கேட்கவில்லை.

அஜியின் மூத்த மகனுக்கு இதிலெல்லாம் கோபம் உண்டு. "நாங்கள் பௌத்தர்கள், இந்துக்கள் இல்லை" என்று தெளிவாகச் சொல்வார். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நேபாளத்தில் இந்துக்கள் 81.19 சதவீதம், பௌத்தர்கள் 8.21 சதவீதம். ஒருவர் ஒரு மதத்தைத்தான் சொல்ல முடியும். அன்று கணக்கெடுக்க வந்தவரிடம் அவர்தான் முந்திக்கொண்டு வீட்டில் எல்லோருக்கும் பௌத்தம் என்று எழுதவைத்தாராம். அஜி பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாராம். மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் குரலும் குறையும். அந்த ஒற்றைக் கட்டத்துக்குள் அஜியின் காலை நேரம் அடங்காது என்பதும் உண்மைதான், ஆனால் அதைச் சொல்லி அவரோடு வாதாட எனக்கு உரிமை இல்லை. பெரும்பான்மைப் பக்கம் பிறந்தவர்களுக்குக் கட்டம் ஒரு பிரச்சினையாகவே இருப்பதில்லை.

என் கண்ணுக்கு, இந்த ஏற்பாட்டை ஆட்டிக்கொண்டிருப்பது மதச்சண்டை இல்லை, விசா. எல்லாமே புரோகிதர் மேல் நிற்கிறது என்றேனே, அந்தப் புரோகிதர் வீட்டுப் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் குபாஜுவுக்கு அறுபது வயது இருக்கும். பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை, அதனால் விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஐந்து புத்தர்கள் பொறித்த கிரீடத்தைப் பையிலிருந்து எடுப்பார். வஜ்ரமும் மணியும் துணியில் சுற்றி வைத்திருப்பார். எட்டரைக்கு மறுபடி ஹெல்மெட். மகனுக்கு மந்திரம் கொஞ்சம் தெரியும், ஆனால் மெல்போர்னில் நர்ஸிங் படிக்கிறான். இங்கே சில வீடுகளில் இப்போது சாவுக்குத் தேரவாத பிக்குகளை, அதாவது இலங்கை, பர்மா வழித் துறவிகளை, அழைத்துப் பாலி ஓதச் சொல்கிறார்கள். வருகிறார்கள், செலவும் குறைவு. ஆனால் அதற்குப் பிறகு வீட்டைச் சுத்தி செய்யும் சடங்கை அவர்கள் செய்வதில்லை, அதற்கு மறுபடி குபாஜுவைத்தான் தேடவேண்டும்.

இந்த மார்கழியில் அஜிக்கு ஜங்கு. 77 வருடம், 7 மாதம், 7 நாள், 7 நாழிகை ஆனவர்களுக்குச் செய்வது. பீமரதாரோகணம் என்பார்கள்; நாம் எழுபதுக்கு பீமரத சாந்தி செய்கிறோமே, அந்த உறவு. அஜியை ஒரு சின்னத் தேரில் உட்காரவைத்துப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தெருவில் இழுக்கவேண்டும். தேர் வாடகைக்குக் கிடைக்கிறதாம். நாளைத் தள்ளிப்போட முடியாது, வயதுக் கணக்கு அது. நாள் குறித்துக் கொடுத்தது ஜோசி, நேவார்களின் ஜோசியர் குலம், சிவமார்க்கி. அஜியின் ஜாதகச் சுருளை விரித்துப் பார்த்து ஒரு வியாழக்கிழமையைச் சொல்லிவிட்டார். சிட்னியில் இருக்கும் நடு மகன் டிக்கெட் எடுக்கக் காத்திருக்கிறான். தினமும் இரவு வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி. குபாஜுவுக்கு அதே வியாழன் காலையில் இன்னொரு வீட்டில் ஜங்கு இருக்கிறது, அந்த வீட்டுக்காரர்களிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இதுவரை சொல்லவில்லை.